மனசுக்குப் பட்டபடி வேலை செய்யுங்கள் என்றார்கள்: ஹாதார்ன் ஆலையில் நடந்தது

எம்.பி.ஏ. படித்த யாரைக் கேட்டாலும் ஹாதார்ன் ஆய்வு பற்றி ஒரு வரி சொல்வார்கள். வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தார்கள், அப்போதும் கூடியது. ஆகவே தொழிலாளி மேல் கொஞ்சம் அக்கறை காட்டினால் போதும், வேலை தானாக நடக்கும். பரீட்சையில் இது ஐந்து மார்க் கேள்வி. நானும் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன். பல வருடம் கழித்து, ஆலைக்குள் போய்க் கேள்வித்தாளும் கையுமாக உட்காரும் பிழைப்பு எனக்கே வந்தபோதுதான் அந்த ஆய்வை ஒழுங்காகப் படித்தேன். யாரை உட்காரவைத்தார்கள், அவர்களிடம் என்ன சொன்னார்கள், சொன்னதைக் காப்பாற்றினார்களா என்று தேடிப் படித்ததில் ஒரு தேதி மட்டும் மண்டையில் ஒட்டிக்கொண்டது: 25 ஜனவரி 1928. அன்றைக்கு இரண்டு பெண்களை ஆய்வறையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். ஐந்து மார்க் விடையில் அவர்களுக்கு இடம் கிடையாது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய சிசரோ என்ற ஊரில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலை. பெல் டெலிபோன் அமைப்புக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் அங்கே தயாராயின. 1920களின் இறுதியில் சுமார் 40,000 பேர் வேலை செய்த இடம். போலந்து, செக், இத்தாலி என்று குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நிறைய. 1924இல் தொடங்கிய வெளிச்ச ஆய்வு 1927இல் முடிந்தது, அதில் உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. அதற்கு அப்புறம் வந்ததுதான் நம் விஷயம், ரிலே அசெம்பிளி ஆய்வறை.

ரிலே என்பது டெலிபோன் இணைப்பகத்தில் பயன்படும் ஒரு சின்ன சுவிட்ச். முப்பத்தைந்து உதிரி பாகங்களை அடுக்கி நான்கு திருகாணியால் முடுக்க வேண்டும், கை பழகியவருக்குச் சுமார் ஒரு நிமிட வேலை. ஒரு நாளைக்கு ஐந்நூறு. முடித்ததைப் பக்கத்தில் உள்ள சரிவில் போட்டால் அது உருண்டு விழும், விழும்போது எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் காகித நாடாவில் ஒரு ஓட்டை விழும். யார், எந்த நிமிடத்தில், எத்தனையாவது ரிலே என்பதற்கு அந்த ஓட்டைதான் கணக்கு. பேச்சு வாக்கில் கை நின்றாலும் நாடாவில் தெரியும், பாத்ரூம் போனாலும் தெரியும்.

1927 மே மாதம் அந்த அறைக்குள் வந்தவர்கள் ஆறு பெண்கள்: ரிலே பூட்ட ஐந்து பேர், பாகங்களை எடுத்துக் கொடுக்க ஒருவர். ஆள் எடுத்த விதம் கவனிக்க வேண்டியது. அனுபவமுள்ள, ஒருவருக்கொருவர் சிநேகமான இரண்டு பேரை மேலிடம் கூப்பிட்டு, மீதிப் பேரை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றது. அதிகாரியின் அறையில் உட்காரவைத்துத் திட்டத்தை விளக்கினார்கள். வேகமாகச் செய்து காட்ட வேண்டாம், இது போட்டி இல்லை, உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அந்த வேகத்தில் செய்யுங்கள் என்றார்கள். அவர்களும் சரி என்றார்கள்.

இதில் சிறிய, ஆனால் எனக்குப் பெரிதாகப் படுகிற விஷயம் ஒன்று உண்டு. ஆய்வறைக்கு வரும் முன்னால், பழைய இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே, இரண்டு வாரம் அவர்களுக்குத் தெரியாமல் அவர்களுடைய உற்பத்தியை எண்ணிவிட்டார்கள். அதுதான் ஆய்வின் முதல் கட்டம். ஒப்பிடுவதற்கு ஒரு தொடக்க அளவு வேண்டும், சொன்னால் வேகம் மாறிவிடும், அதனால் சொல்லவில்லை. ஆய்வு முறையாகப் பார்த்தால் பிசகில்லாத காரணம்தான். ஆனால் திட்டம் விளக்கி, அவர்கள் சரி சொன்னபோது, ஆய்வு ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது. கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டவர்கள் நிச்சயதார்த்தத்தை முடித்துவிட்டு வந்த மாதிரி.

அப்புறம் கட்டம் கட்டமாக மாற்றினார்கள். நடுவில் ஐந்து நிமிட ஓய்வு இரண்டு தடவை, பிறகு பத்து நிமிடம், பிறகு ஐந்து நிமிடமாக ஆறு தடவை, காலையில் சிற்றுண்டி, அரை மணி முன்னதாக வீட்டுக்கு. உடல் பரிசோதனையும் உண்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை. பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. பரிசோதனை நாளில் ஐஸ்கிரீம், கேக், டீ என்று ஏற்பாடு செய்த பிறகு முனகல் அடங்கியது. எவ்வளவு நேரம் தூங்கினாய், என்ன சாப்பிட்டாய் என்பதும் பதிவானது. சம்பளம் தரும் இடம் இரவுத் தூக்கத்தைக் கேட்கிறது, மறுத்தால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஐஸ்கிரீம் கொடுத்து வாங்கியதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாமா? எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் நானே கள ஆய்வில் பிஸ்கட் பாக்கெட் கொடுத்தவன், ரொம்பக் கறாராகவும் பேச முடியாது.

மூன்றாம் கட்டத்தில் சம்பள முறை மாறியது. அதுவரை சுமார் நூறு பேர் கொண்ட பிரிவின் மொத்த உற்பத்தியை வைத்து பீஸ் ரேட், அதாவது செய்த எண்ணிக்கைக்குக் கூலி. இங்கே ஐந்து பேரின் உற்பத்தி மட்டும் ஒரு கணக்கு. நூறில் ஒருத்தி மெதுவாகச் செய்தால் யாருக்கும் உறைக்காது. ஐந்தில் ஒருத்தி மெதுவாகச் செய்தால் மற்ற நால்வர் வீட்டுக்குப் போகும் காசு குறையும். மனசுக்குப் பட்டபடி செய்யுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டு, மெதுவாகச் செய்பவள் மேல் பக்கத்து நாற்காலிக்காரிக்கே எரிச்சல் வரும்படி கூலியை அமைத்தார்கள். இதைத் திட்டமிட்ட சூழ்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். ஆய்வுக்கு வசதியான ஒரு முடிவு யார் தலையில் போய் விடியும் என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான். கள ஆய்வில் நடக்கும் தப்புகளில் பாதி இந்த ரகம்.

அந்த ஐந்தில் இரண்டு பேர், ஆய்வு நூல்களில் 1ஏ, 2ஏ என்று வருபவர்கள், சொன்னதை அப்படியே நம்பினார்கள். பேசினார்கள், சிரித்தார்கள், தோன்றிய வேகத்தில் செய்தார்கள். அறையில் கண்காணிப்புக்கு இருந்தவர் ஹோமர் ஹிபார்கர். அவருடைய நிலைமையும் பரிதாபம்தான். தோழமையோடு பழக வேண்டும், குறிப்பு எடுக்க வேண்டும், அங்கே வேறு சூப்பர்வைசர் இல்லாததால் ஒழுங்கையும் பார்க்க வேண்டும். பேச்சு அதிகம் என்று நான்கு பெண்கள் ஃபோர்மேன் முன்னால் நிறுத்தப்பட்டுக் கண்டிக்கப்பட்டார்கள். மனசுக்குப் பட்டபடி செய் என்கிறார்கள், செய்தால் இது போதாது என்கிறார்கள் என்று அவர்களில் ஒருத்தி அலுத்துக்கொண்டது பதிவில் இருக்கிறது. ஆய்வாளன் ஒருவன் முகம் சிவக்க வேண்டிய வாக்கியம் அது. ஹாதார்னில் அதைக் கீழ்ப்படியாமைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

ஜனவரி 25 அன்று இருவரையும் பழைய பிரிவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். வேலை போகவில்லை, ஆய்விலிருந்து மட்டும் நீக்கம். ஒத்துழைப்பு இல்லை என்பது காரணம். பதிலுக்கு வந்த இருவரும் கை வேகமானவர்கள். அதிலும் ஒரு பெண், குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் வீட்டுப் பாரம் மொத்தமும் தலையில் விழுந்தவள். காசு வேண்டும், அதனால் வேகம் வேண்டும், மற்றவர்களையும் விரட்டினாள். ஒரு வாரத்துக்கு ஆளுக்கு 2,400 ரிலே என்று தொடங்கியது நாளடைவில் 3,000ஐத் தொட்டது. ஓய்வு நேரத்தை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பழைய 48 மணி நேர வாரத்துக்குத் திரும்பிய கட்டத்திலும் உற்பத்தி பெரிதாகச் சரியவில்லை. உலகமே வியந்து எழுதிய முடிவு இது. ஆட்டக்காரர்களை நடுவில் மாற்றியதை எழுதியவர்கள் குறைவு.

ஹார்வர்டிலிருந்து வந்த எல்டன் மேயோ 1928இல் இந்த ஆய்வுக்குள் நுழைந்தார், பின்னாளில் அதன் முகமே அவர்தான். ஐந்து வருடத்தில் அந்தப் பெண்கள் ஒருபோதும் நெருக்குதலை உணரவில்லை என்ற தோரணையில் எழுதினார். வெளியேற்றப்பட்ட பெண்களில் ஒருத்தி 'போல்ஷ்விக்', அதாவது கம்யூனிஸ்ட், ஆகிவிட்டதாக அவருடைய குறிப்பில் வருகிறது. அந்த இருவரில் ஒருத்திக்கு இரத்தசோகை இருந்தது பின்னால் தெரியவந்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறையோ என்னவோ மருத்துவப் பரிசோதனை செய்த ஆய்வு! சோர்வு எப்படி வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அத்தனை ஏற்பாடும். நிஜமாகவே சோர்ந்திருந்தவளை ஒத்துழைக்காதவள் என்று வெளியே தள்ளினார்கள். நானாக இருந்தால் கண்டுபிடித்திருப்பேனா என்று கேட்டால், தெரியாது. நாடாவில் ஓட்டைகளின் இடைவெளி கூடினால் அது இரத்தசோகையா திமிரா என்று நாடா சொல்லாது.

1967இல் அலெக்ஸ் கேரி என்ற ஆஸ்திரேலியர் இந்த நீக்கத்தை நடுவில் தூக்கி வைத்துக் காட்டமாக ஒரு விமர்சனம் எழுதினார். 1978இல் ஃபிராங்கி, கௌல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய எண்களையே மறுபடி கணக்குப் போட்டு, உற்பத்தி உயர்வின் பெரும்பகுதிக்கு அந்த ஒழுங்கு நடவடிக்கையும், 1929க்குப் பிந்தைய பொருளாதார மந்தமும், ஓய்வு நேரமும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். நெறிமுறைத் தப்பை மறைத்தால் முடிவும் கோணலாகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அரை நூற்றாண்டு கழித்து, அந்த அறையில் வேலை செய்து உயிரோடிருந்த சிலரைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். அவர்கள் குறை சொல்லவில்லை. நல்ல காசு, தலைக்கு மேல் சூப்பர்வைசர் இல்லை, சந்தோஷமான நாட்கள் என்றார்கள். அதை நான் நம்புகிறேன். அந்த அறையில் நிலைத்து நின்றவர்களின் நினைவு அது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அதே ஆலையில் நடந்த பேட்டித் திட்டத்தைச் சுருக்கமாகத் தாண்டிவிடலாம். 1928 முதல் 1930 வரை இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் பேட்டி எடுத்தார்கள். எடுத்தவர்களும் கம்பெனி ஆட்களே. பெயரை நீக்கிவிட்டு, லாக்கர், கழிவறை, தூசி, சூப்பர்வைசர் என்று வகை பிரித்து, மேற்பார்வையாளர் பயிற்சியில் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு சம்பவம்: கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி ஒரு பெண் கொட்டித் தீர்த்தார். சில நாள் கழித்துப் பேட்டி எடுத்தவரைப் பார்த்து, நீங்கள் சொல்லித்தான் சாப்பாடு நன்றாகிவிட்டது, நன்றி என்றார். அவர் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை, கேன்டீனில் எதுவும் மாறவும் இல்லை. இதை மனம் விட்டுப் பேசுவதன் மகிமையாகச் சொல்லுவார்கள். எனக்கென்னவோ அந்த நன்றியை வாங்கிக்கொண்டு அந்த ஆள் எப்படி வீட்டுக்குப் போனார் என்றுதான் தோன்றுகிறது.

இனி ஆண்கள் அறை. என்னைக் கேட்டால் களப்பணியின் உண்மையான தர்மசங்கடம் முழுதும் இங்கேதான் இருக்கிறது. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, டெலிபோன் இணைப்புக் கருவிகளில் ஒயர் சுற்றும் 14 பேரைத் தனி அறையில் வைத்தார்கள்: ஒயர்மேன் ஒன்பது, சால்டர் வைப்பவர் மூன்று, இன்ஸ்பெக்டர் இரண்டு. இந்த முறை எதையும் மாற்றவில்லை, வெறுமனே பார்ப்பது. பழங்குடிகளிடையே களப்பணி செய்துவிட்டு வந்த மானுடவியலாளர் லாய்ட் வார்னர் ஆலோசனை சொன்னார். அறைக்குள்ளேயே ஒரு ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுவார். அவருக்கான விதிகள் அந்தக் காலத்துக்கு அசாத்தியமானவை: உத்தரவு போடக் கூடாது, விவாதத்தில் கட்சி சேரக் கூடாது, ஒட்டுக் கேட்பது போல் நடந்துகொள்ளக் கூடாது, கேட்டதை மேலே சொல்லக் கூடாது. சொல்வது எதுவும் உங்களுக்கு எதிராகப் பயன்படாது என்று தொழிலாளிகளுக்கும் வாக்குக் கொடுத்தார்கள்.

முதலில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக வேலை செய்தார்கள். சில வாரம் போனதும் இந்த ஆளால் ஆபத்தில்லை என்று தெரிந்துவிட்டது. பிறகு நடந்தது முழுக்கத் தடை செய்யப்பட்ட சமாச்சாரம். ஒயர்மேனும் சால்டர்காரரும் வேலையை மாற்றிக்கொண்டார்கள். நாணயம் சுண்டினார்கள், குதிரைப் பந்தயம் கட்டினார்கள், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை போட்டார்கள். கம்பெனி போட்ட டார்கெட் நாளொன்றுக்கு 7,312 இணைப்புகள். இவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த கணக்கு ஒரு நாளைக்கு இரண்டு கருவி, அதாவது கருவியின் வகையைப் பொறுத்து 6,600 அல்லது 6,000. அதைத் தாண்டிப் போகிறவனுக்கு மேல்கையில் ஓங்கி ஒரு குத்து விழும். ரொம்பக் குறைத்துச் செய்பவனுக்கும் ஏச்சு உண்டு. எல்லாவற்றையும்விடக் கேவலம் போட்டுக்கொடுப்பவன். கூடுதலாகச் செய்த நாளில் குறைத்துச் சொல்லி, குறைந்த நாளில் அதை ஈடுகட்டி, உற்பத்திக் கோடு எப்போதும் நேராகவே தெரியும்படி பார்த்துக்கொண்டார்கள். உடனடி மேலதிகாரிக்குத் தெரியும், தெரியாதது மாதிரி இருந்தார். அதிகம் செய்தால் ரேட்டைக் குறைப்பார்கள், இல்லை ஆளைக் குறைப்பார்கள் என்பது அவர்கள் பயம். 1932இல் அந்தப் பயத்தை யாராவது மூடத்தனம் என்று சொல்ல முடியுமா?

இப்போது அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவன் நீங்கள். சம்பளம் கம்பெனி தருகிறது. கணக்கு பொய் என்று உங்களுக்குத் தெரியும். வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். சொன்னால் இனி எவனும் எந்த ஆய்வாளனையும் நம்ப மாட்டான், 14 குடும்பத்தின் சோறும் ஆட்டம் காணும். சொல்லாவிட்டால், உங்களை அனுப்பியவனுக்குத் துரோகம். அந்த ஆள் சொல்லவில்லை. இந்த இடத்தில் அவர் செய்தது சரி என்பது என் கட்சி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சந்தேகம் வருவது இன்ஸ்பெக்டர் விஷயத்தில். நூலில் ஐ3 என்று வரும் இன்ஸ்பெக்டர், இடையில் மாற்றாக வந்தவர், இவர்களோடு ஒட்டவில்லை. கேலியும் சீண்டலும் எல்லை மீறிப் போய், கடைசியில் அவர் மேலிடத்தில் புகார் செய்ய, அறையிலிருந்து அவரைத்தான் எடுத்துவிட்டார்கள். உட்கார்ந்திருந்தவர் அதையும் பார்த்தார், எழுதினார். கட்சி சேரக் கூடாது என்ற விதி உற்பத்திப் பொய்யை மறைத்த 14 பேருக்கும் கவசமாக இருந்தது. அதே விதி தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனுக்கு உதவவில்லை. பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்த மௌனத்தை நடுநிலை என்று சொல்லலாமா என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தடுமாறுகிறேன். ஒரு வார்த்தை தனியாகக் கூப்பிட்டு, என்னப்பா சமாளிக்கிறாயா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஆய்வு கெட்டுப் போயிருக்கும். கெட்டுப் போகட்டும் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது, இருபத்தைந்து வயதில் தோன்றியிருக்காது.

இன்னொரு ஓட்டை, பெயர்கள். இந்த ஆய்வுகளைப் பற்றி ரோத்லிஸ்பெர்கர், டிக்சன் இருவரும் எழுதிய பெரிய நூல் 1939இல் வந்தது. அதில் டபிள்யூ1 முதல் டபிள்யூ9 வரை, எஸ்1, ஐ1 என்று குறிப்பெழுத்துதான். ஹார்வர்டில் படிப்பவனுக்கு டபிள்யூ3 யார் என்று ஒருநாளும் தெரியாது. ஆலைக்குள் இருப்பவனுக்கு, யார் எந்த பெஞ்சில் உட்கார்ந்தான், யார் ஜன்னலுக்காகச் சண்டை போட்டான் என்று படித்த மாத்திரத்தில் பெயர் வந்துவிடும். பெயர் மாற்றம் காப்பாற்றுவது ஊர் உலகத்திடமிருந்து. தொழிலாளிக்குப் பயம் ஊர் உலகத்திடம் இல்லை, ஃபோர்மேனிடம். 1930களின் நடுவில் இந்தக் கம்பெனி தொழிற்சங்க உளவுக்குப் பணம் செலவழித்ததும் லா ஃபாலெட் தலைமையிலான செனட் குழுவின் விசாரணையில் வெளியே வந்தது. சொன்னது எதுவும் எதிராகப் பயன்படாது என்ற வாக்கைக் கொடுத்தவர் ஆய்வாளர். அதைக் காப்பாற்றும் அதிகாரம் அவர் கையில் என்றைக்கும் இருந்ததில்லை.

அப்படியானால் கம்பெனிக்கே சொல்லாமல் உள்ளே போனால்? அதையும் செய்து பார்த்தவர்கள் உண்டு. மெல்வில் டால்டன் என்ற சமூகவியலாளர் தான் வேலை பார்த்த ஆலைகளிலேயே, ஆய்வு செய்வதைப் பெரும்பாலோருக்குச் சொல்லாமல், மேலாளர்களைப் பற்றித் தகவல் சேர்த்து 1959இல் நூலாக்கினார். மேலாளர்களின் சம்பள விவரம் கிடைக்கவில்லை. ஆவணங்கள் கையாளும் ஒரு செக்ரட்டரிப் பெண், தான் பழகும் ஆணைப் பற்றி இவரிடம் யோசனை கேட்க, இவர் யோசனைக்குப் பதில் சம்பளப் பட்டியல் என்று பேரம் பேசினார். பட்டியலும் வந்தது, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமும் ஆனது. டால்டனே பின்னர் இதை ஒளிக்காமல் எழுதினார், அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனால் விஷயம் வெளியே வந்திருந்தால் வேலை போயிருப்பது யாருக்கு?

இதெல்லாம் விதிகள் வராத காலம் என்பார்கள். அமெரிக்காவில் மனிதர்கள் மீதான ஆய்வுக்குச் சட்டம் வந்தது 1974இல், அதற்கான நெறிமுறைகளைச் சொன்ன பெல்மான்ட் அறிக்கை 1979இல். இப்போது நம்மூரிலும் நெறிமுறைக் குழு, ஒப்புதல் படிவம் எல்லாம் உண்டு. படிவத்தை யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்பதைப் படிவம் கேட்பதில்லை.

சில வருடம் முன்பு ஒரு தையல் யூனிட்டில் நானும் ஒரு தோழியும் சர்வே எடுத்தோம். ஹெச்.ஆர். கடிதம் இருந்தது, அதனால்தான் கேட் திறந்தது. தொழிலாளிகளை ஷிஃப்ட் நேரத்தில் ஒவ்வொருவராக ஆபீஸ் அறைக்கு அனுப்பினார்கள். பீஸ் ரேட் இடம், எங்களோடு உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் காசு என்பது எங்களுக்கு மதியம்தான் உறைத்தது. ஒரு பெண் படிவத்தை முழுக்கப் படித்தார், பேனாவை எடுத்தார், வைத்தார். என் தோழியைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், "ஏங்க்கா, இதுல கையெழுத்து போடலேன்னா சாருக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தோம். வெளியே வராந்தாவில், யார் உள்ளே போனார்கள், எவ்வளவு நேரத்தில் திரும்பினார்கள் என்று ஒரு சூப்பர்வைசர் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். தோழி, "தெரியும்மா" என்றாள். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்து போட்டார். பேட்டியை நாங்கள் எடுக்கவில்லை, ஒப்புக்குப் பத்து நிமிடம் ஊர்க்கதை பேசி அனுப்பினோம். அந்தப் படிவம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது, எந்தக் கணக்கிலும் சேராமல்.